குதிரையோடு காட்டில் தங்கப் போகிறீர்களா? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் குதிரை வளர்க்கும் வாசகர்கள் ஸ்டேட் பார்க்குகளிலும் ஏரிக்கரை முகாம்களிலும் குதிரையோடு தங்குவது பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கயிறு பற்றியும் தண்ணீர் பற்றியும்தான் அதிகம் கேட்டிருக்கிறார்கள். பயணம் கெடுவதும் பெரும்பாலும் அந்த இரண்டால்தான் என்பதால் அவற்றுக்கு விரிவாகவே பதில் சொல்லியிருக்கிறோம்.

இரண்டு குதிரைகளையும் கூட்டிக்கொண்டு முதல் முறையாக முகாம் போக ஆசை. குதிரைப் பாதை உள்ள எந்தப் பார்க்கிலும் தங்கலாமா?
– வாசகி, ஓஹையோ

தங்க முடியாது. பகலில் குதிரை ஓட்ட அனுமதிக்கும் பார்க்குகள் நிறைய உண்டு. ராத்திரி குதிரையை வைத்துக்கொள்ள அனுமதிப்பவை குறைவு. குதிரைக்காரர்களுக்கென்றே ஒதுக்கிய முகாமாகப் பார்த்து முன்பதிவு செய்ய வேண்டும். உங்கள் மாநிலத்தில் சீசர் க்ரீக் ஸ்டேட் பார்க்கில் அப்படி ஒன்று இருக்கிறது. இந்தியானாவில் பிரவுன் கவுன்டி ஸ்டேட் பார்க்கின் குதிரை முகாம் பெயர் பெற்றது. கென்டக்கி ஏரிக்கும் பார்க்லி ஏரிக்கும் நடுவே சுமார் 1,70,000 ஏக்கர் காடாக நீளும் லேண்ட் பிட்வீன் த லேக்ஸ் பகுதியில் ராங்லர்ஸ் முகாம் குதிரைக்காரர்களுக்கென்றே அமைந்தது.

இணையத்தில் முன்பதிவு செய்தாலும் முகாம் அலுவலகத்துக்கு ஒரு முறை போன் போட்டு விடுங்கள். குதிரையை எதில் கட்ட வேண்டும், கொட்டில் இருக்கிறதா, கம்பம் நட்டிருக்கிறார்களா, மரத்தில் கயிறு கட்ட விடுவார்களா என்று கேளுங்கள். ஒரு இடத்துக்கு எத்தனை குதிரை, டிரெய்லரைப் பின்னால் எடுத்துத்தான் நிறுத்த வேண்டுமா, உங்கள் வண்டியின் நீளம் அங்கே அடங்குமா என்பதெல்லாம் அடுத்த கேள்விகள். வசந்தத்தின் தொடக்கத்திலும் இலையுதிர்காலக் கடைசியிலும் போகிறவர்கள் தண்ணீர்க் குழாய் திறந்திருக்கிறதா என்று கட்டாயம் கேட்க வேண்டும். குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்க, குளிர் வருமுன்பே பல முகாம்களில் தண்ணீரை நிறுத்தி விடுவார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் இன்னொரு போன்: மழைக்குப் பிறகு பாதை சேறாகிவிட்டால் குதிரைகளுக்கு மட்டும் அதை மூடி வைக்கும் பார்க்குகள் உண்டு.

முதல் பயணத்துக்கு வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் ஓர் இடமும் இரண்டு ராத்திரியும் போதும்.

காகின்ஸ் பேப்பர் இல்லாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நோயே இல்லாத குதிரைக்கு இது ஏன்?
– வாசகர், கென்டக்கி

எக்வைன் இன்ஃபெக்ஷியஸ் அனீமியா என்கிற வைரஸ் நோய் குதிரைக்கு இல்லை என்று காட்டும் ரத்தப் பரிசோதனைதான் காகின்ஸ். லெராய் காகின்ஸ் என்ற கால்நடை விஞ்ஞானி 1970-இல் உருவாக்கியதால் அந்தப் பெயர். இந்த நோய்க்கு மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. ஒரு முறை தொற்றினால் அந்தக் குதிரை ஆயுள் முழுக்க நோயைச் சுமக்கும். பார்வைக்குத் திடகாத்திரமாக இருக்கும் குதிரையும் சுமக்கலாம் என்பதால்தான், பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறது என்ற பதில் வாசலில் எடுபடுவதில்லை. பரிசோதனையில் தொற்று உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டும். இல்லையென்றால் மற்றக் குதிரைகளிடமிருந்து குறைந்தது 200 கெஜம் தள்ளி ஆயுளுக்கும் தனிமையில் வைக்க வேண்டும்.

நோயைப் பரப்புவது குதிரை ஈ. அதன் கடி வலிக்கும், குதிரை உதறும், பாதி ரத்தத்தோடு எழும் ஈ மீதிக்குப் பக்கத்துக் குதிரை மேல் போய் உட்காரும். பல வீட்டுக் குதிரைகள் பத்தடி இடைவெளியில் நிற்கிற ஏரிக்கரை முகாமில் அதற்கு வேலை சுலபம்.

பெரும்பாலான இடங்களில் 12 மாதத்துக்குள் எடுத்த பேப்பர் செல்லும். சில மாநிலங்கள் 6 மாதம்தான் ஏற்கின்றன. மாநில எல்லை தாண்டினால் கால்நடை மருத்துவர் தரும் ஹெல்த் சர்ட்டிஃபிகேட்டும் வேண்டும். அது வழக்கமாக 30 நாள் செல்லும். போகிற மாநிலத்தின் விதி மட்டும் அல்ல, வழியில் கடக்கிற மாநிலத்தின் விதியையும் பாருங்கள். ஒரு நகலை டிரெய்லரில் வையுங்கள், ஒரு படம் போனில் இருக்கட்டும்.

டிரெய்லரில் கிளம்புமுன் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், மிசௌரி

முதலில் தரை. ரப்பர் பாயைத் தூக்கி, அடியில் இருக்கிற பலகையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். சிறுநீர் ஊறி ஊறி மரம் உள்ளுக்குள் மக்கியிருக்கும். மேலே பார்த்தால் தெரியாது. முனை பொதக்கென்று இறங்கினால் அந்தப் பலகையை மாற்றாமல் குதிரையை ஏற்றாதீர்கள். அலுமினியத் தரையானால் வெள்ளைத் தூளும் சிறு குழிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

டயர் தேய்மானத்தைவிட வயது முக்கியம். டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதற்கு முன்பே வெயிலில் நின்று காய்ந்து விடும். பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆம் வாரம். ஆறு வருடம் தாண்டியதை மாற்றி விடுங்கள். காற்றை, டயர் சூடாகுமுன் அளக்க வேண்டும். டிரக்கிலிருந்து டிரெய்லர் கழன்றுகொண்டால் தானாகவே பிரேக் போடும் அமைப்புக்குத் தனி பேட்டரி உண்டு. அதன் பின்னை உருவிவிட்டு வண்டியை மெல்ல நகர்த்தி, சக்கரம் பிடிக்கிறதா என்று பாருங்கள். பலர் வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

இரண்டு குதிரை டிரெய்லரில் ஒன்றை மட்டும் ஏற்றினால் இடது பக்கம், அதாவது ஓட்டுநர் பக்கம் ஏற்றுங்கள். சாலை நடுவில் மேடாகவும் வலது ஓரத்தில் சரிவாகவும் இருப்பதால் எடை உயர்ந்த பக்கத்தில் இருப்பது நல்லது. தலையைக் கொஞ்சம் தாழ்த்தித் தும்ம இடம் விட்டுக் கட்டுங்கள். தலையைத் தூக்கிக் கட்டிய குதிரை புழுதியைச் சுவாசக் குழாயிலிருந்து வெளியேற்ற முடியாமல், ஊர் போய்ச் சேர்ந்த பிறகு நுரையீரல் காய்ச்சலில் விழும்.

இறக்கும்போது ஒரு வரிசை உண்டு, அதை மாற்றாதீர்கள். முதலில் தலைக் கயிற்றை அவிழ்க்க வேண்டும். அப்புறம்தான் பின்பக்கத் தடுப்புக் கம்பி. கயிறு கட்டியிருக்க, பின்னால் திறந்துவிட்டால் குதிரை வெளியேறப் பார்க்கும், கயிறு இழுக்கும், மிரண்டு மேலும் பின்வாங்கும். டிரெய்லர் வாசலில் நடக்கும் மோசமான காயங்களில் பல இப்படி வருபவை.

மரங்களுக்கு நடுவே ஹைலைன் கட்டச் சொல்கிறார்கள். எவ்வளவு உயரம், எந்தக் கயிறு, குதிரையை எவ்வளவு தளர்த்திக் கட்டுவது? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
– வாசகி, டென்னசி

முதலில், ஏன் நேராக மரத்திலேயே கட்டக்கூடாது? சும்மா நிற்கிற குதிரை பட்டையைக் கடித்து உரிக்கும். முன்னங்காலால் வேர்மேல் மண்ணைக் கிளறிக்கொண்டே இருக்கும். பட்டை சுற்றிலும் உரிந்த மரம் செத்துப் போகும். இரண்டு மரங்களுக்கு இடையே தலைக்கு மேலே கயிற்றை இழுத்துக் கட்டி, அதிலிருந்து குதிரையைத் தொங்கு கயிற்றில் கட்டுவதுதான் ஹைலைன். மரமும் பிழைக்கும், குதிரையின் காலும் பிழைக்கும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் அண்ணாந்து பாருங்கள். காய்ந்த கிளை தொங்கினால் வேறு இடம். பிறகு கீழே: கூரான கல், வெட்டிய மரத்தின் அடிக்கட்டை, மேலே எழும்பிய வேர் எதுவும் கூடாது. தண்ணீர், பாதை, அடுத்தவர் கூடாரம் எல்லாவற்றிலிருந்தும் 200 அடி தள்ளி இருப்பது காட்டு முகாமில் வழக்கம். அமைக்கப்பட்ட முகாமானால் அவர்கள் காட்டும் இடம்தான். மரம் உயிருள்ளதாக, குறைந்தது 8 அங்குலம் தடிமனாக இருக்க வேண்டும்.

இரண்டு குதிரைக்கு 28 அடி இடைவெளியில் இரண்டு மரம் வேண்டும். ஒவ்வொரு மரத்திலிருந்தும் 8 அடி, குதிரைகளுக்கு நடுவே 12 அடி என்று கணக்கு. சண்டை போடும் ஜோடியானால் இன்னும் தள்ளி. கயிற்றை நேராக மரத்தில் சுற்றாதீர்கள். 2 அங்குலத்துக்குக் குறையாத, முடிந்தால் 3 அங்குல அகலப் பட்டையைச் சுற்றி அதன் வளையத்தில் கட்டுங்கள். பட்டையை இரண்டு சுற்றுச் சுற்றினால் எடை விழும்போது கீழே சறுக்காது. உயரம் 7 முதல் 8 அடி. குதிரை தலையை நிமிர்த்தினாலும் கயிறு அதற்கு மேலே இருக்க வேண்டும். நெஞ்சளவில் கட்டிய கயிறு கழுத்தில் சிக்கும், காலும் அதைத் தாண்டும். டிரக்கின் பின்பகுதியில் ஏறி நின்று கட்டுவது சுலபம்.

கயிறு அரை அங்குலம் தடிமன், பாலியஸ்டர். நைலான் வேண்டாம். நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும். மாலையில் விறைப்பாகக் கட்டியது விடியற்காலைப் பனியில் தொய்ந்து குதிரையின் முழங்கால் வரை வந்துவிடும். கட்டி முடித்ததும் இரண்டு கையாலும் பிடித்து உங்கள் முழு எடையோடு தொங்கிப் பாருங்கள். ஓர் அடிக்கு மேல் இறங்கினால் மறுபடி இழுத்துக் கட்டுங்கள். படுக்கப் போகுமுன் இன்னொரு தடவை.

இனி, பலர் தடுமாறும் இடம். குதிரையைக் கட்டும் தொங்கு கயிறு பிரதான கயிற்றில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழுக்கக்கூடாது. வழுக்கினால் குதிரை மரத்தடிக்குப் போய்ச் சுற்றிக்கொள்ளும், அல்லது பக்கத்துக் குதிரையோடு பின்னிக்கொள்ளும். பிரதான கயிற்றில் நிலையான வளையம் போட்டோ, அதற்கென விற்கும் உலோகப் பிடியை மாட்டியோ நிறுத்துங்கள். அந்த இடத்தில் ஒரு ஸ்விவல், அதாவது தானே சுழலும் இணைப்பு, கட்டாயம். குதிரை ராத்திரி முழுக்க ஒரே திசையில் வட்டமடிக்கும். ஸ்விவல் இல்லாவிட்டால் தொங்கு கயிறு முறுக்கேறிக் குட்டையாகி, விடியும்போது குதிரை தலையைத் தூக்கியபடி நிற்கும்.

நீளத்துக்கு அளவு இது: ஹால்ட்டரில் (குதிரையின் தலையில் போடும் பட்டையில்) மாட்டும் கொக்கி, குதிரையை மாட்டாமல் சும்மா தொங்கும்போது தரையிலிருந்து ஒன்று முதல் ஒன்றரை அடி உயரத்தில் நிற்க வேண்டும். அப்போது குதிரையின் மூக்கு தரையைத் தொடும், ஆனால் கயிறு தரையில் புரளாது. அதற்கு மேல் தளர்த்தினால் சொறியத் தூக்கிய பின்னங்கால் கயிற்றுக்குள் போகும். குறைத்தால் குதிரை படுக்க முடியாது. குதிரை நின்றபடியே இளைப்பாறும் என்பது உண்மைதான். ஆனால் ஆழ்ந்த தூக்கம் படுத்தால்தான் வரும். சில நாள் அது கிடைக்காவிட்டால் நின்றபடியே முழங்கால் மடிந்து விழும் குதிரைகள் உண்டு.

நுனியை ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். கையில் கூரான கத்தி ஒன்றும் இருக்கட்டும்; பதறிப் பின்வாங்கும் குதிரையின் எடையில் எந்த முடிச்சும் இறுகிவிடும். தோல் ஹால்ட்டர், அல்லது உச்சிப் பட்டை மட்டும் தோலான ஹால்ட்டர் நல்லது. அவசரத்தில் அது அறுந்து குதிரை தப்பிக்கும். முழு நைலான் அறுவதில்லை.

இத்தனையும் படித்துவிட்டு முகாமில் போய் முதன்முதலாகக் கட்டாதீர்கள். வீட்டில் முதலில் பகலில் இரண்டு மணி நேரம், நீங்கள் பக்கத்திலேயே இருக்கக் கட்டுங்கள். பிறகு மாலை. பிறகு முழு ராத்திரி. மின்வேலி அடைப்பு கொண்டுபோகிறவர்களுக்கும் இதேதான்: வீட்டில் வேலியில் மூக்கைச் சுட்டுக்கொண்டு கற்ற குதிரைதான் காட்டில் மான் ஓடும்போதும் உள்ளே நிற்கும்.

எவ்வளவு புல் கொண்டுபோவது? அங்கே வாங்கிக்கொள்ளலாமா?
– வாசகர், கொலராடோ

ஆயிரம் பவுண்டு குதிரைக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 பவுண்டு காய்ந்த புல். அதோடு ஒரு நாள் உபரி. வீட்டில் தின்கிற அதே புல்லாக இருக்க வேண்டும். குடலில் உள்ள நுண்ணுயிர்கள் புதுத் தீனிக்குப் பழக ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஒரே நாளில் மாற்றினால் வயிற்று வலி.

உங்கள் பகுதியில் இன்னொரு விதி சேர்கிறது. கொலராடோவின் தேசியக் காடுகளில் களை விதை இல்லை என்று சான்று பெற்ற புல்லைத்தான் கொண்டுபோகலாம். கட்டின்மேல் தனி நிறக் கயிறோ அடையாளச் சீட்டோ இருக்கும். குதிரையின் குடலிலும் விதை பயணம் செய்வதால் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே அந்தப் புல்லுக்கு மாறிவிடுவது காட்டுக்கு நல்லது. அதற்கு ஒரு வாரம் முன்பு, பழைய புல்லில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள்.

அல்ஃபால்ஃபா (குதிரைமசால்) வாங்கினால் ஒவ்வொரு அடுக்கையும் பிரித்துப் பாருங்கள். பிளிஸ்டர் வண்டு செத்து அதில் காய்ந்திருக்கலாம். செத்த வண்டிலும் கான்தாரிடின் நஞ்சு அப்படியே இருக்கும். வாயிலிருந்து சிறுநீர்ப்பை வரை புண்ணாக்கிவிடும்.

வீட்டில் நன்றாகக் குடிக்கிற குதிரை முகாமில் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. பக்கத்திலேயே ஏரி இருக்கிறது, அதில் குடிக்க விடலாமா?
– வாசகி, இலினாய்

இரண்டு கேள்வி இது. தனித்தனியாகப் பார்ப்போம்.

சும்மா நிற்கும் குதிரைக்கே ஒரு நாளைக்கு 5 முதல் 10 கேலன் வேண்டும். வெயிலில் ஏற்ற இறக்கப் பாதையில் போனால் 15 வரை போகும். குளோரின் வாசம், இரும்பு ருசி எதுவாக இருந்தாலும் சில குதிரைகள் தொடாது. அதற்கு வேலை வீட்டிலேயே தொடங்க வேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து வாளியில் கொஞ்சம் ஆப்பிள் சாறு கலந்து பழக்குங்கள். முகாமிலும் அதையே கலந்தால் எந்த ஊர்த் தண்ணீரும் வீட்டுத் தண்ணீர்தான். பக்கத்தில் கலக்காத வாளியும் ஒன்று இருக்கட்டும். முதல் நாளுக்கு வீட்டிலிருந்தே 20 கேலன் கொண்டுபோக முடிந்தால் இன்னும் நல்லது. புல்லை நனைத்துக் கொடுங்கள். பீட் பல்ப்பை (சர்க்கரைக் கிழங்குச் சக்கையை) நன்றாக ஊறவைத்துக் கூழாகக் கொடுத்தால் தெரியாமலே தண்ணீர் உள்ளே போகும். தீனியில் ஒரு மேசைக்கரண்டி சாதா உப்பு, வியர்க்கிற நாளில் இரண்டு. தண்ணீர் குடிக்காத குதிரைக்கு உப்பு மட்டும் கொடுத்துக்கொண்டே போகக்கூடாது.

குடிக்கிறதா என்பதை லத்தி சொல்லிவிடும். ஈரப் பளபளப்போடு விழுந்து உடைகிற உருண்டை சரி. சின்னதாக, கெட்டியாக, உலர்ந்து சளி படர்ந்து விழுந்தால் குடல் காய ஆரம்பித்துவிட்டது. ஈறில் விரல் வைத்தால் வழுக்க வேண்டும். ஒட்டினால் நீர் குறைவு.

முகாமின் பொதுத் தொட்டியில் குடிக்க விடாதீர்கள். ஸ்ட்ராங்கிள்ஸ் போன்ற தொற்று அப்படித்தான் லாயத்துக்கு லாயம் போகிறது. உங்கள் வாளி உங்கள் குதிரைக்கு. ஹோஸ் நுனியையும் வாளிக்குள் முக்காமல் மேலே பிடித்து நிரப்புங்கள்.

இப்போது ஏரி. தெளிந்து, அலை அடிக்கும் கரையில் ஒரு வாய் குடிப்பதில் தவறில்லை. கோடையின் பின்பாதியில், காற்று நுரையை ஒதுக்கிச் சேர்க்கும் ஒடுங்கிய மூலைகளில் மட்டும் விடவே விடாதீர்கள். பச்சைப் பெயின்ட்டைக் கொட்டிவிட்டது போல் தண்ணீர் தெரிந்தால் அது நீலப்பச்சைப் பாசி. அதன் நஞ்சு கல்லீரலையோ நரம்பையோ தாக்கும். சில நேரம் மணிக்கணக்கில் உயிர் போய்விடும். கொதிக்க வைத்தாலும் சாதாரண வடிகட்டியில் வடிகட்டினாலும் அந்த நஞ்சு போகாது. அந்தத் தண்ணீரில் இறங்கிய குதிரை பிறகு தன் தோலை நக்கினாலும் ஆபத்து. உடனே குழாய்த் தண்ணீரில் கழுவி விடுங்கள்.

ஏரிக்கரைக்கே உரிய இன்னொரு ஆபத்தை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். பொட்டோமாக் ஹார்ஸ் ஃபீவர். 1979-இல் பொட்டோமாக் ஆற்றங்கரைக் குதிரைகளில் முதலில் கவனிக்கப்பட்டது. நத்தையில் வாழும் ஒட்டுண்ணிப் புழுவுக்குள் இந்தப் பாக்டீரியா இருக்கிறது. அங்கிருந்து மேஃப்ளை, கேடிஸ்ஃப்ளை போன்ற நீர்ப்பூச்சிகளுக்குப் போகிறது. அவை ராத்திரி விளக்கை நாடிக் கூட்டம் கூட்டமாக வந்து, செத்து, புல்லிலும் வாளியிலும் விழும். குதிரை புல்லோடு அவற்றையும் தின்னும். காய்ச்சல், தீனி மறுப்பு, கடும் வயிற்றுப்போக்கு, அதைத் தொடர்ந்து குளம்பு அழற்சி என்று போகும். தீனிக்கு மேலே விளக்கைத் தொங்கவிடாமல் இருந்தால் ஆபத்தில் பெரும்பகுதி குறையும். குதிரைகள் பக்கம் விளக்கை அணைத்து விடுங்கள், புல்லை மூடி வையுங்கள், காலையில் வாளியைக் கவிழ்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். அறிகுறி ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும். வீடு திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால் ஏரிக்கரையில் தங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சீக்கிரம் தொடங்கினால் ஆன்டிபயாடிக் நன்றாக வேலை செய்யும்.

ஏரியில் குதிரையை நீந்த விட ஆசை. என்ன கவனம் வேண்டும்?
– வாசகர், டெக்சாஸ்

தலையைத் தூக்கவிடாமல் மூக்குப் பட்டையிலிருந்து மார்புக்குப் போகும் டை-டவுன், ஸ்டாண்டிங் மார்ட்டிங்கேல் இரண்டையும் கரையிலேயே கழற்றி விடுங்கள். நீந்தும் குதிரை மூக்கை நீட்டி உயர்த்தியாக வேண்டும். பட்டை அதைத் தடுத்தால் நன்றாக நீந்தத் தெரிந்த குதிரையும் மூழ்கிவிடும். கடிவாளத்தை இழுக்காதீர்கள், பிடரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். சேணத்திலிருந்து வழுக்கினால் பக்கவாட்டில் மிதந்து செல்லுங்கள். முன்னங்கால் வீசும் இடத்துக்கும் பின்னங்காலுக்கும் போகாதீர்கள். இறங்குமுன் கரையை நீங்கள் நடந்து பார்க்க வேண்டும். அணைகட்டி உண்டான ஏரியில் அடியில் பழைய மரக்கட்டையும் வேலிக் கம்பியும் கிடக்கலாம், கரைச் சேறு வயிறு வரை இழுக்கலாம். படகு இறக்கும் சிமென்ட் சரிவில் லாடம் வழுக்கும், அங்கே வேண்டாம்.

முகாமைச் சுற்றி மேப்பிளும் செர்ரியும் நிறைய. ஒரு வாய் இலை கடித்தால் ஆபத்தா?
– வாசகி, பென்சில்வேனியா

பச்சை இலையைவிட வாடிய இலைதான் ஆபத்து. ரெட் மேப்பிள் மரத்திலிருந்து புயலில் முறிந்து வாடிய கிளை, இலையுதிர்காலத்தில் உதிர்ந்த குவியல், இரண்டும் குதிரையின் சிவப்பணுக்களை உடைக்கும். ஆயிரம் பவுண்டு குதிரைக்கு ஒன்றரைப் பவுண்டு இலையே நோயாக்கும், மூன்று பவுண்டு கொல்லும். சிறுநீர் காப்பி நிறத்துக்கு மாறுவதும் ஈறு மஞ்சளிப்பதும் அடையாளம். காய்ந்த பிறகும் வாரக்கணக்கில் நஞ்சு இருக்கும். காட்டுச் செர்ரி வேறு விதம்: வாடும் இலையில் சயனைடு உருவாகும், நிமிடங்களில் மூச்சுத் திணறும். ஓக் மரத்தடியில் ஏக்கார்ன் என்கிற அதன் கொட்டைகள் கொட்டிக் கிடந்தால் வாரிவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

பசித்த குதிரைதான் கண்டதைக் கடிக்கும். ஆகவே முன்னால் எப்போதும் புல் இருக்கட்டும். ஹைலைன் கட்டுமுன் அந்த இடத்தில் விழுந்து கிடக்கும் கிளைகளை அப்புறப்படுத்துங்கள். கொட்டிலில் விரிக்க மரத்தூள் வாங்கினால் பிளாக் வால்நட் கலந்திருக்கக்கூடாது. அதன்மேல் நின்றாலே ஒரு நாளுக்குள் குளம்பு அழற்சி வரும்.

ராத்திரியில் வயிற்று வலி வந்தால்? டாக்டர் வர இரண்டு மணி நேரம் ஆகும்.
– வாசகர், ஆர்கன்சா

உங்கள் குதிரையின் சாதாரண அளவுகளை வீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, வெப்பம் 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட். நாடியைத் தாடையின் அடிவிளிம்பில் ஓடும் தமனியில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஈறை அழுத்திவிட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். விலாவுக்குப் பின்னால் காது வைத்தால் இரண்டு பக்கமும் கடமுடா சத்தம் கேட்க வேண்டும்.

வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, மண்ணைக் கிளறுகிறது, படுத்து எழுகிறது, மேல் உதட்டைச் சுருட்டுகிறது என்றால் தீனியை எடுத்துவிட்டு உடனே டாக்டருக்குப் போன். மேலே சொன்ன எண்களை அவரிடம் சொல்லுங்கள். நாடி 60-ஐத் தாண்டினால் அதை முதலில் சொல்லுங்கள். அமைதியாகப் படுத்தால் படுக்கட்டும். புரண்டு அடித்துக்கொண்டால் காயப்படாமல் இருக்க மெல்ல நடத்துங்கள், மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டாம். வலி மருந்தை டாக்டர் சொன்ன பிறகே கொடுக்க வேண்டும்: முன்னால் கொடுத்துவிட்டால் வலி மறைந்து, அறுவைக்கு அனுப்ப வேண்டிய குதிரை நன்றாக இருப்பது போல் தெரியும். ஃப்ளூனிக்சின் என்கிற வலி மருந்தை வாயில் கொடுக்கும் பசையாக வாங்கி வையுங்கள். ஊசி மருந்தைத் தசையில் போடாதீர்கள். அந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா தொற்றித் தசை அழுகி உயிரே போன குதிரைகள் உண்டு.

முகாமில் போன் சிக்னல் எங்கே கிடைக்கும், எந்த டாக்டர் ராத்திரி வருவார், இந்த இரண்டும் போய் இறங்கிய முதல் மாலையே தெரிந்திருக்க வேண்டும்.

எங்களிடம் குதிரை இல்லை. பாதையில் எதிரே குதிரை வந்தால் குழந்தைகளோடு எப்படி ஒதுங்குவது?
– வாசகி, வர்ஜீனியா

பாதையின் பள்ளமான பக்கத்தில் ஒதுங்கி நில்லுங்கள். மேட்டில் நிற்கும் உருவம் குதிரைக்குப் பாயப் போகும் விலங்காகத் தெரியும். மிரண்டாலும் அது பள்ளத்தில் விழாமல் மேட்டுப் பக்கம் ஓடும். புதருக்குள் ஒளியாதீர்கள். சாதாரணக் குரலில் பேசுங்கள், குரல் கேட்டால்தான் மனிதர் என்று அதற்குப் புரியும். முதுகில் பெரிய பை இருந்தால் முடிந்தால் இறக்கி வையுங்கள். குழந்தைகள் தொட ஆசைப்பட்டால் ஓட்டுகிறவரைக் கேட்டு, அவர் நிறுத்திய பிறகு, தோள் பக்கமாக வரட்டும்.

மூன்று நாளில் குவியும் லத்தியை என்ன செய்வது?
– வாசகர், இந்தியானா

ஒரு குதிரை சிறுநீரும் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 50 பவுண்டு கழிக்கிறது. முகாமில் அதற்கென்று தொட்டி இருந்தால் காலையும் மாலையும் முள்கரண்டியால் வாரி அதில் போடுங்கள், சிந்திய புல்லையும் சேர்த்து. தொட்டி இல்லையென்றால் தார்ப்பாயில் கட்டி வீட்டுக்கு. டிரெய்லரிலிருந்து கூட்டித் தள்ளியதை வண்டி நிறுத்தும் இடத்தில் விட்டுப் போவதால்தான் பல இடங்களில் குதிரைகளுக்கு அனுமதி மறுக்கப்படுகிறது. அமைக்கப்படாத காட்டு இடமானால் உதைத்துப் பரப்பிவிடுங்கள். மெல்லிசாகப் பரவியது சீக்கிரம் காயும், ஈ முட்டையிடாது. கிளறிய குழிகளை மூடி, மேலே இலைச்சருகைத் தள்ளிவிட்டுக் கிளம்புங்கள்.

கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டால்?
– வாசகி, மிச்சிகன்

துரத்தாதீர்கள். மற்றக் குதிரைகளைக் கட்டியே வைத்திருங்கள். கூட்டத்தை விட்டுத் தூரம் போக அதற்கு மனம் வராது. தீனி வாளியைக் குலுக்கினால் பெரும்பாலும் திரும்பி வரும். வராவிட்டால் அது பெரும்பாலும் வந்த வழியே, டிரெய்லர் நின்ற இடத்துக்கும் சாலைக்கும்தான் போகும். ஆகவே முதலில் ஒருவர் முகாம் வாசலில் போய் நிற்க வேண்டும், வண்டிகளை மெதுவாக வரச் சொல்ல. ரேஞ்சருக்கும் உடனே சொல்லுங்கள். ஹால்ட்டரில் உங்கள் போன் எண் பொறித்த தகடு எப்போதும் இருக்கட்டும். ஹால்ட்டரும் அறுந்து விழுந்திருக்கலாம் என்பதால், பிடரி மயிரில் பின்னிய ஒரு சிறு தகட்டிலும் அதே எண் வேண்டும். அது வீட்டு எண்ணாக இல்லாமல் நீங்கள் முகாமுக்குக் கொண்டுவந்த கைபேசியின் எண்ணாக இருக்க வேண்டும்.